பட்டாணி குதித்த கிணறு

"அந்தப் பொண்ணு குதிக்கக் கூடாது. என் பொம்மைதான் குதிக்கணும்" என்றார் முனிரத்தினம்.

டைரக்டர் லோகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மானாம்பதியில் கன்னியப்பனின் பம்ப்செட் கிணறு. கேமரா வைத்தாகிவிட்டது. வரப்பெல்லாம் ஜனம். பச்சைப் பாவாடையும் ரெட்டை ஜடையுமாகப் பேபி ஜெயமணி தயாராக நிற்கிறாள். இந்த நேரம் பார்த்து, மனிதர் கையில் பொம்மையோடு வந்து கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸ் டி.வி.யில் குழந்தைகளுக்காக வந்த பொம்மலாட்டத் தொடர் 'பட்டாணி'. கதை, குரல், பொம்மை எல்லாமே உத்திரமேரூர் முனிரத்தினம்தான். அதைத்தான் இப்போது நிஜ ஆட்களை நடிக்கவைத்துச் சினிமாவாக எடுத்துக்கொண்டிருந்தார் லோகநாதன். தொடரில் எல்லோருக்கும் மறக்காத கட்டம், கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டிக்காகப் பட்டாணி என்கிற சிறுமி உள்ளே குதிப்பது. அதைத்தான் இன்றைக்கு எடுக்க வேண்டும்.

"ஐயா, படத்துல பொம்மையே வராது, எல்லாம் மனுஷங்கதான்னு முதல்லயே சொன்னேன். நீங்களும் சரின்னீங்க."

"சரின்னேன். இப்ப மனசு மாறிடிச்சி. மத்ததெல்லாம் அந்தப் பாப்பாவே நடிக்கட்டும். குதிக்கறது மட்டும் என் பட்டாணி."

"டி.வி.யில பார்த்த பொம்மையை தியேட்டர்லயும் காட்டினா சிரிப்பாங்க."

"தூரத்துல வெச்சி எடு சார். மேலேர்ந்து வுழறப்ப பொம்மை இன்னா, பொண்ணு இன்னா, யாருக்குத் தெரியப்போவுது?"

ஜெயமணியின் அம்மா வசந்தகுமாரி முன்னால் வந்தாள்.

"சார், எம்பொண்ணு நல்லா நீஞ்சுவா. மெட்ராஸ்ல கிளாசுக்குப் போய் கத்துக்கிட்டவ. அவ பேர் வாங்கிடுவாளேன்னு இவருக்குப் பொறாமை."

"கீழே ரெண்டு நீச்சல்காரங்க வேற நிக்கிறாங்க. அப்புறம் என்னங்க?" என்றார் லோகநாதன்.

முனிரத்தினம் அசையவில்லை. "என் கதை. இந்த சீன்ல என் பொம்மை வரலன்னா சீனே கெடையாது. நான் எழுந்துக்க மாட்டேன்."

கன்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா முனிரத்தினம், ஊருக்குப் பெருமைன்னு நெனச்சிக்கினு கெணத்தை வுட்டேன். இப்டி பேஜார் பண்றியே."



லோகநாதன் பொறுமையிழந்தார்.

"டைட்டில்ல உங்க பேரைத் தனியா போடறதா இருக்கேன். அடம் பிடிச்சீங்கன்னா அந்தப் பேர் வராது. யோசிச்சிக்குங்க."

டாக்கீஸ் திரையில் தன் பேர் பெரிசாக வரப்போகிறது என்று முனிரத்தினம் சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஊருக்கே தெரியும்.

அவர் பொம்மையின் ஜடையை ஒதுக்கிவிட்டார்.

"என் பேரை எடுத்துடு சார்" என்றார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. லோகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார்.

"ஸ்டார்ட்" என்று குரல் வந்ததும் முனிரத்தினம் பொம்மையை உயரத் தூக்கி வீசினார். பச்சைப் பாவாடை விரிந்து, ஜடைகள் பறக்க, பட்டாணி கிணற்றுக்குள் போனாள். பிறகு ஜெயமணியைப் பம்ப்செட் தொட்டியில் முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்து, தலையில் இரண்டு வாளி ஊற்றி, கையில் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மிச்சத்தை எடுத்து முடித்தார்கள்.

நீச்சல்காரர்கள் பொம்மையை மேலே கொண்டுவந்தபோது ஜனம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய அந்த முகம், உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பாறையில் மோதி இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு கண்ணைக் காணோம்.

முனிரத்தினம் அதை வாங்கித் துண்டில் சுற்றினார். யாரையும் பார்க்காமல் வரப்பில் இறங்கி நடந்தார்.

"தன் பொம்மை சினிமாவுல வரணும்னு இப்படியுமா ஒரு வெறி?" என்றார் கேமராமேன்.

"கொழந்த குட்டி இல்லாத ஆளு சார். அவருக்கு அந்தப் பொம்மைதான் எல்லாம்" என்றார் கன்னியப்பன். "அதையே கெணத்துல தூக்கிப் போட்டுட்டாரே. பேர் ஆசை யாரை வுட்டுது."

லோகநாதன் உதவியாளரைக் கூப்பிட்டார். "டைட்டில்லேர்ந்து அந்த ஆள் பேரை எடுத்துடு. முகத்துலயே முழிக்க விரும்பல."

யூனிட் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது. வசந்தகுமாரி மகளின் துணிமணிகளை எடுத்துவரக் கன்னியப்பன் வீட்டுக்குப் போயிருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு ஜெயமணி லோகநாதனிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அங்கிள், பொம்மை மாமா போயிட்டாரா?"

"போகட்டும் விடு. அவரால இன்னைக்கு எவ்வளவு தொல்லை பாரு."

"அவரைத் திட்டாதீங்க அங்கிள்."

"ஏம்மா?"

அவள் கன்னியப்பன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அம்மா இன்னும் வரவில்லை.

"எனக்கு நீச்சலே தெரியாது. கிணத்தைப் பார்த்ததும் அழுகையா வந்துச்சு, அவர்கிட்ட மட்டும் சொன்னேன். உங்ககிட்ட சொல்றேன்னார். சொன்னா வேற பொண்ணைப் போட்டுடுவீங்க, அம்மா என்னைக் கொன்னுடுவாங்கன்னேன். அதுக்கு அவர், 'நீ கம்முனு இரு பாப்பா, கெட்ட பேரை நான் எடுத்துக்கறேன்'னு சொன்னார்."