அங்குட்டு மைக்

எங்கள் ராக் பேண்டின் இரண்டாவது ஆல்பம் முதலாவதைவிட நன்றாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. டிரம்ஸ் வாஹித், கிடார் ஜெயகாந்தன். பாடுவது நான், சுமையா. நான் பிசகுவதில்லை. பிசகுகிறவர்களிடம் “மொதல்லேருந்து” என்று மட்டும் சொல்வேன். யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

அமராவதிபுதூரில் ஒரு பெரிய வீட்டின் நீளமான ஹாலைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்தோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மைக். எதிரொலியைப் பிடிக்க ஹாலின் மறுகோடியில் இன்னொன்று. அதற்கு அங்குட்டு மைக் என்று பெயர் வைத்தோம்.

முதல் நாள் வாஹித் ஓர் அடியைத் தவறவிட்டான். பதிவைப் போட்டுக் கேட்டபோது பக்கத்து மைக்கில் அந்த இடம் காலியாக இருந்தது. அங்குட்டு மைக்கில் அடி சரியாக விழுந்திருந்தது.

“இது நான் அடிச்சதில்ல சுமையா,” என்றான்.

“நல்லாத்தானே இருக்கு? இதையே வச்சுக்குவோம்,” என்றேன்.

அடுத்தடுத்த நாட்களில் ஜெயகாந்தனின் தவறுகளும் அப்படியே திருந்தி வந்தன. ஒன்பது நாளில் ஏழு பாட்டு முடிந்தது.

பத்தாம் நாள் காலை கடைசிப் பாட்டை ஒரே மூச்சில் பாடி முடித்தேன். “இனிமே நம்மள யாரு கேக்குறது!” என்று ஜெயகாந்தன் சிரித்தான். அங்குட்டு மைக்கின் பதிவைப் போட்டுக் கேட்டோம்.

பாதியில் டிரம்ஸ் நின்றது. கிடார் நின்றது. பிறகு என் குரல் நிதானமாகச் சொன்னது: “சுமையா, நீதான் பிசகிட்ட. மொதல்லேருந்து.”

வாஹித் குச்சிகளை எடுத்தான். நான் எதிர்த்துப் பேசாமல் மைக் முன்னால் போய் நின்றேன்.