காலி டிரம்

"அந்தப் பந்தல்காரனையா பிடிச்சிருக்கீங்க? வேண்டவே வேண்டாம். சுத்தப் பொறுப்பில்லாத ஆளு!"

காலையிலிருந்து பெண்ணின் அப்பா பேசும் நாலாவது போன் இது.

நேற்று அவர் வீட்டு மொட்டைமாடியில்தான் மகளுக்கு நிச்சயதார்த்தம். கான்கிரீட்டில் முளை அடிக்க முடியாது. அதனால் துணிப்பந்தலின் மூலைக் கம்பம் ஒவ்வொன்றையும் ஒரு தண்ணீர் டிரம்மோடு சேர்த்துக் கட்டியிருந்தான் பந்தல்காரன். அந்தக் கனம்தான் பந்தலைப் பிடித்து வைக்கும்.

சாப்பாடு முடியும் நேரம். எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு காற்று. பந்தல் அப்படியே எழும்பியது. ஒரு மூலைக் கம்பம் டிரம்மையும் இழுத்துக்கொண்டு சாய்ந்து, சம்பந்தியம்மாவின் நெற்றியைப் பதம் பார்த்துவிட்டது. மூன்று தையல்.

டிரம் உருண்ட இடத்தில் தரைகூட நனையவில்லை.

பெண்ணின் அப்பாவுக்கு வந்ததே கோபம்! அத்தனை பேர் முன்னாலும் பந்தல்காரன் சட்டையைப் பிடித்தார்.

"காலி டிரம்ல கட்டி வெச்சு ஆளைக் கொல்லப் பார்த்தியா?"

"தப்பு என்னோடதுதான் சார். அந்த ஒண்ணுல தண்ணி ஊத்த மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

சம்பந்தி வீட்டார் பக்கம் திரும்பியும் கும்பிட்டான். அவர்கள் கோபமெல்லாம் அவன்மேலேயே போனதால் நிச்சயம் தப்பியது.

"இனிமே இந்தப் பக்கம் நீ ஒரு கம்பம் நட முடியாது பாரு!" என்றார். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருந்தார்.

போனை வைத்தபோது மனைவி எதிரே நின்றாள். அழுத முகம்.

"போதுங்க. அந்த மனுஷன் பொழப்பைக் கெடுக்காதீங்க. டிரம் நிறையத்தான் இருந்துச்சு. மொண்டு மொண்டு காலி பண்ணினது நான்தான்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ அவன் ஏன் வாயைத் திறக்கல?"

"என் கையில வாளியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. நான் சொல்ல வாயெடுத்தேன், பேசாதீங்கன்னு கண்ணாலயே தடுத்துட்டார். பொண்ணோட அம்மா பண்ணின வேலைன்னு தெரிஞ்சா நம்ம பொண்ணு அந்த வீட்டுல காலம் பூரா பேச்சுக் கேக்கணுமே. நானும் சுயநலமா இருந்துட்டேங்க. நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கல."

அந்த ஆள் கும்பிட்டபடி நின்றது அவர் கண் முன்னால் வந்தது. ஆனால் வெட்கம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும் அவருக்கு.

"உனக்குப் புத்தி எங்கடி போச்சு? போயும் போயும் அந்தத் தண்ணியிலயா கை வைப்ப?"

"மாடிக் குழாய் நின்னுபோச்சு. 'சம்பந்தி வீட்டுக்காரங்க எச்சில் கையோட நிக்கிறாங்க, என் மானம் போகுது, எங்கிருந்தாவது கொண்டு வாடி'ன்னு கத்தினது யாரு?"

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கீழ போய்ச் சாப்பிட்டு வந்துடறேன் சார்னு சொல்லிட்டுப் போக, நீங்க கத்தினப்போ உங்க பக்கத்துலயே நின்னுட்டிருந்தாருங்க அந்தப் பந்தல்காரர்."