ஓரத்தில் ஒரு கிள்ளு

எறும்பூரில் சொந்தப் புற்றுக்கு வரி உண்டு. சந்தையில் எது வாங்கினாலும் வரியாக ஓரத்தில் ஒரு கிள்ளு. சித்தெறும்புக்கு ஏது சொந்தப் புற்று? வேரடியில் ஒண்டுக்குடித்தனம். ஆனாலும் அவள் வாங்கிய நொய்யரிசியில்கூடக் கிள்ளு விழுந்தது.

மழைக்கு முன்னால், வரி அதிகாரி கட்டெறும்பு ஆள் வைத்து வாய்க்கால் வெட்டினார். அது பெரிய புற்றுகளைச் சுற்றி ஓடி, வேரடிக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"அய்யா, தண்ணியெல்லாம் எங்க வாசலுக்குல்ல வரும்?"

"புற்று வரி கட்டுறவங்களுக்குத்தாம்மா வாய்க்கால்."

"அப்போ சந்தையில தினமும் கிள்ளுனீங்களே, அது?"

"அதை வச்சுத்தாம்மா இதை வெட்டுறோம்."

அடுத்த மழையிலேயே அவளுடைய முட்டைகளெல்லாம் செத்து மிதந்தன. அவற்றைப் போர்த்திப் புதைக்கச் சந்தையில் ஓர் இலைத்துண்டு வாங்கினாள்.

கட்டெறும்பு "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டிவிட்டு, இலையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டார்.