வட்ட முகத்துக்கு ஏற்ற கண்ணாடி

"வட்ட முகத்துக்கு வட்டக் கண்ணாடி மாட்டினா, ரொட்டி மேல ரொட்டி அடுக்கின மாதிரி இருக்கும்மா" என்று சிரித்தாள், நாரின் ஊர்ச் சந்தையில் கறுப்புக் கண்ணாடி விற்கிற பெண்.

பூருல் சிரிக்கவில்லை. மாட்டியிருந்ததைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

பூருல் என் ஓரகத்தி. அவள் கணவரும் என் கணவரும் அண்ணன் தம்பி. ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அவள் மகன் தீலெக் லீவில் வரப்போகிறான், மலையில் வெயில் கண்ணைப் பறிக்கும், அவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வைப்போம் என்று நான்தான் அவளைக் காலையிலேயே கிளப்பி இழுத்து வந்திருந்தேன்.

தீலெக் செத்துப்போயிருந்தான்.

முந்தின நாள் சாரம் சரிந்து விழுந்திருக்கிறான். விடிவதற்குள் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

பெற்றவளிடம் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட முடியாது. எங்களுக்கு அதற்கென்று ஒரு முறை உண்டு. முற்றத்தில் துக்கக் கூடாரம் எழும்ப வேண்டும். பெரியவர்கள் வந்து சேர வேண்டும். ஆடுகளோடு மலையில் இருக்கும் தகப்பனைக் கூட்டி வர வேண்டும். அவள் சரிந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் பெண்கள் நிற்க வேண்டும்.

அதுவரை அவளை வீட்டை விட்டு அப்புறப்படுத்தி வைக்க ஓர் ஆள் வேண்டும். சாய்கலுக்கு வாய் நீளம் என்று வருஷம் பூராவும் என்னைத் திட்டுகிறவர்கள், இதற்கு மட்டும் என்னைத்தான் பிடித்தார்கள்.

கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம் என்பார்கள். சாவுக்கு ஒரே ஒரு பொய் சொல்லிப் பாருங்கள், தெரியும். தீலெக்கை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். ஒப்பாரியை விழுங்கிவிட்டுக் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவன் பெயரைச் சொல்லாமல் வேறு எந்தப் பொய் சொல்லியிருந்தாலும் அவள் கிளம்பியிருக்க மாட்டாள். தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்காதவள்.

"அவன் முகம் என் முகம்தானே. எனக்குப் பொருந்தினா அவனுக்கும் பொருந்தும்" என்றாள் பூருல்.

உண்மைதான். அதே வட்டம், அதே மேட்டுக் கன்னம், அதே சின்ன மோவாய். ஆண்பிள்ளைகள் போடுகிற கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டி, ஆணியில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்றாள். ஒவ்வொன்றுக்கும் வெகு நேரம் நின்றாள்.

கடைக்காரப் பெண்ணும் சளைக்கவில்லை. வட்ட முகத்துக்கு மூலை வைத்த சட்டம்தான் எடுப்பு, முகத்தை நீளமாகக் காட்டும் என்று ஒன்றைக் கொடுத்தாள். அது கன்னத்தில் இடித்தது. மேல்விளிம்பு மட்டும் தடித்த ஒன்றைக் கொடுத்தாள். அதில் அவன் முறைக்கிற மாதிரி இருக்கிறது என்று பூருல் சொன்னாள். அடுத்ததில் திருடன் மாதிரி இருக்கிறானாம்.

காலணா சாமானுக்கும் கடைக்காரனை அழவைக்கிறவள், ஒன்றுக்கும் விலை கேட்கவில்லை. பிள்ளை வருகிற சந்தோஷம் என்று நினைத்தேன். அந்த நினைப்பே என்னை அறுத்தது.

என் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். கூடாரம் எழும்பிவிட்டது, எல்லாரும் வந்தாயிற்று, கூட்டிக்கொண்டு வா என்று என் கணவர் அனுப்பியிருந்தார்.

"அக்கா, இதுவே நல்லாத்தான் இருக்கு. வா போலாம்" என்றேன்.

"இன்னும் ஒண்ணு பாத்துடறேன்."

"எதைப் போட்டாலும் உன் பிள்ளை ராஜாதான். நேரமாகுது அக்கா."

அவள் அதற்குள் வேறொன்றை எடுத்து மாட்டியிருந்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதுவரை எல்லாவற்றையும் தலைக்குட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காம்பு காது மேல உக்காந்தாதானேம்மா சரியா தெரியும்? துணியைக் கொஞ்சம் தள்ளுங்க" என்ற கடைக்காரப் பெண், அவள் தடுப்பதற்குள் தானே கை நீட்டித் தலைக்குட்டையைப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

காதில் தோடு இல்லை.

தூங்கும்போதுகூட பூருல் வெள்ளித் தோட்டைக் கழற்ற மாட்டாள். துக்கம் விழுந்தால்தான் எங்கள் பெண்கள் காதை மூளியாக வைப்போம்.

காலையில் நான் வாசலில் போய் நின்று பல்லைக் காட்டினேனே, அப்போதே தெரிந்திருக்கும். புறப்படுகிறேன் இரு என்று உள்ளே போனவள், கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

அவள் தலைக்குட்டையை மெதுவாக இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். எதிரே கண்ணாடியில் தெரிந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அங்க போனா சொல்லிடுவாங்க, சாய்கல்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

போன் மறுபடியும் அதிர்ந்தது. நான் அதை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"தங்கச்சி, மேல் வரிசையில தொங்குது பாரு, அதையெல்லாம் இறக்கு" என்றேன்.