பச்சை எரிந்த பட்டை

பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்றே என் மகள் மகிழினிக்குப் பள்ளியில் கைப்பட்டை கொடுத்தார்கள். தினமும் எட்டாயிரம் அடி நடந்தால் அதில் பச்சை எரியும். கட்டியிருப்பவருக்கு வலி இருந்தால் சிவப்பு எரியும். பச்சைக்கு மதிப்பெண் உண்டு.

நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிற பெண்ணுக்கு நடக்க நேரம் ஏது? அவள் பட்டையை நான் கட்டிக்கொண்டேன். எங்கள் குடியிருப்பில் முக்கால்வாசி அம்மாக்கள் அப்படித்தான். சாயங்காலமானால் மொட்டைமாடியில் கூட்டமாகச் சுற்றுவோம். நடந்து நடந்து எனக்கிருந்த முதுகுவலிகூட ஓடிப்போனது.

“இடுப்பு ரொம்ப வலிக்குதும்மா” என்பாள் மகிழினி, நாற்காலியில் இருந்தபடியே. நான் பட்டையைப் பார்ப்பேன்.

“பச்சைதான்டி எரியுது. சாக்கு சொல்லாம படி.”

இரண்டு வருடமாக இதையே சொன்னேன். பட்டை என் கையில் இருக்கிறது என்பது ஒருமுறைகூட எனக்கு உறைக்கவில்லை.

நேற்றுக் காலை அவளால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நானும் அவள் அப்பாவும் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் பட்டையின் பதிவைத் திரையில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“ரெண்டு வருஷத்துல முதல் மாசம் தவிர ஒரு நாள்கூட வலின்னு இல்லையே? தினமும் நல்லா நடந்திருக்கா. பரீட்சை பயத்துல நடிக்கிறாளோ என்னமோ.”

“அவ நடக்கல டாக்டர். நான் நடந்தேன்.”

அவர் முதுகைப் படமெடுக்க அனுப்பினார். படத்தைப் பார்த்தபின், “எப்பவோ கூட்டிட்டு வந்திருக்கணும்மா” என்று மட்டும் சொன்னார்.

கட்டிலில் கிடந்த மகிழினி கையை நீட்டினாள். பட்டையைக் கழற்றி அவள் மணிக்கட்டில் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் சிவப்பு எரிந்தது.

“இப்ப நம்புறியாம்மா?” என்றாள்.