பதினோரு ஆள், நாலு நாள்

“மூக்கா, ஆள் கணக்கு சொல்றதுக்குன்னு இனி நீ ஆபீஸ் படியேற வேண்டாம்,” என்றார் ஜெபராஜ்.

மேஸ்திரி மூக்கன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். டெல்லி மண்ணை இருபத்தாறு வருஷமாகத் தோண்டியவர். ஒரு தெருவில் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். அங்கே கேபிள் புதைக்க எத்தனை ஆள், எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வேலைக்காகத்தான் டெல்லியின் துவாரகா பகுதியில் இருந்த ஜெபராஜின் கம்பெனி அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்துவந்தது.

“நான் என்னா சார் தப்பு பண்ணேன்?”

“நீ ஒண்ணும் தப்பு பண்ணல. காலம் மாறிட்டு.” பெற்ற பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுவதுபோல் ஜெபராஜ் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். “போன வருஷம் வாங்கின சாஃப்ட்வேர். தெருவை இதுல வரைஞ்சா போதும். கேபிள் எத்தனை மீட்டர், ஆள் எத்தனை, கூலி எவ்வளவு, எல்லாம் தானா வந்து விழும். கிட்வாய் நகர் வேலைக்கு என்ன சொல்லிச்சு தெரியுமா? பதினோரு ஆள், நாலு நாள். வேலை எத்தனை நாள்ல முடிஞ்சுது?”

“நாலு நாள்ல சார்.”

“பாத்தியா? லோதி ரோட்டுக்கு ஒரு நாள் கூடுதலா போட்டிருந்துச்சு. எதுக்குன்னு நானே கோபப்பட்டேன். கடைசியில யாரோ வி.ஐ.பி. போறாருன்னு போலீஸ்காரன் ஒரு நாள் வேலையையே நிறுத்திட்டான். வி.ஐ.பி. வர்றதுகூட அதுக்குத் தெரியுதுப்பா!”

மூக்கன் தலையைச் சொறிந்தார். “நானும் அதேதான சார் சொன்னேன்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டும் ஒரே கணக்கைச் சொல்லுது. பின்ன ரெண்டுக்கும் எதுக்குச் செலவு?”

இப்படிப்பட்ட அறிவைக் கண்டு மூக்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எஸ்டிமேட் போடும் பூங்கோதை தன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். “சார், அந்த சாஃப்ட்வேர்ல ஒரு விஷயம்...”

“விஷயமெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்மா. எனக்கு ரிசல்ட் போதும். ஒரு வருஷமா இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்?”

ஒரு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“சார், பொண்ணு நர்சிங் படிக்குது. கடைசி வருசம். அதுவரைக்குமாவது...” மூக்கனின் குரல் இறங்கியது.

“தோண்டுற வேலை வந்தா சொல்லி அனுப்புறேன். தினக்கூலி.”

“இந்த முதுகை வெச்சிக்கிட்டா சார்?”

“அதுக்கு நான் என்ன செய்ய? சாஃப்ட்வேருக்கு முதுகு வலிக்கிறதில்லையே.”

ஜெபராஜை இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூக்கனுக்கு உடனே டீ சொன்னார். டீ வருவதற்குள் மூக்கன் போய்விட்டதால் அதையும் அவரே குடித்தார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பூங்கொத்தோடு வந்து நின்றார் ஷ்ரவண். சாஃப்ட்வேர் கம்பெனியின் டெல்லி பிரதிநிதி. வட இந்தியாவிலேயே எஸ்டிமேட்டும் உண்மையான செலவும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது இந்த ஆபீசில்தானாம். ஒரு வீடியோ எடுத்துப் போட வேண்டுமாம்.

மே மாத வெயிலில் ஜெபராஜ் கோட் போட்டுக்கொண்டார். ஷ்ரவணின் மொபைலைப் பார்த்து முழங்கினார். “மனுஷன் தப்பு பண்ணுவான். மெஷின் பண்ணாது. இதைப் புரிஞ்சுக்கத் தைரியம் வேணும். எனக்கு அது இருந்துச்சு!”

“அச்சா சார், பிரமாதம். அப்படியே ஒரு தெருவை வரைஞ்சு காட்டிடலாமா?”

ஜெபராஜ் கையசைக்க, பூங்கோதை துவாரகாவில் ஒரு புதுத் தெருவை வரைந்தாள். கேபிளின் நீளம் வந்தது. பள்ளத்தின் ஆழம் வந்தது. மணலும் செங்கல்லும் எவ்வளவு என்று வந்தது. ஆள் கணக்குக்கான கட்டம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

“ஜல்தி, ஜல்தி! ஆள் எங்கம்மா?”

“வரல சார்.”

“வரலயா? நேத்து வரைக்கும் வந்துச்சே!”

ஷ்ரவண் குனிந்து மவுசை வாங்கினார். இரண்டு இடத்தில் தட்டினார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது.

“எப்படி சார் வரும்? ஆள் கணக்குப் பகுதிக்குத் தனிக் கட்டணம். அது வேண்டாம், செலவு மிச்சம்னு வாங்கும்போதே நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. கட்டம் மட்டும்தான் இருக்கு, கணக்குப் போடுற பகுதியே உங்க கம்ப்யூட்டர்ல கிடையாது.”

கோட்டுக்குள் ஜெபராஜுக்கு வியர்த்தது. “அப்போ ஒரு வருஷமா வந்த கணக்கெல்லாம்?”

“அதைத்தான் சார் ஒரு வருஷமா சொல்ல வந்தேன்,” என்றாள் பூங்கோதை. “ஒவ்வொரு தெருவுக்கும் மூக்கன் அண்ணன்கிட்ட கேட்டு, அவர் சொன்னதை நான்தான் அந்தக் கட்டத்துல டைப் பண்ணிட்டிருந்தேன்.”

ஷ்ரவண் சட்டென்று வீடியோவை நிறுத்தினார். ஜெபராஜுக்குக் கேட்காதபடி பூங்கோதையின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், அந்த மூக்கனோட நம்பரைக் கொஞ்சம் குடுங்க. காசு கட்டி வாங்கினவங்களுக்கும் எங்க ஆள் கணக்கு இதுவரைக்கும் ஒரு தடவைகூட சரியா வந்ததில்லை.”