செயற்கைக்கோளுக்குப் பிடித்த கிரகணம்

"உலகத் தமிழர்களே! இனி சூரியனே பின்னால் வந்து நின்றாலும் நம் செயற்கைக்கோளின் ஒளிபரப்பு ஒரு நொடிகூட அறுபடாது!" என்று அமைச்சர் முழங்கியதும், சென்னையில் ரோஸ்லின் ஒளித்து வைத்திருந்த முட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். தென்காசியிலிருக்கும் சைவ மாமியார் பகலெல்லாம் அந்தச் செயற்கைக்கோள் வழியே அவள் சமையலறைச் சுவர்த் திரையில் முழு உருவமாக நின்று கண்காணிப்பார். பங்குனியில் சூரியன் தினமும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து, அலைவரிசையைக் குழப்பி அவர் உருவத்தை அழித்துவிடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவள் ஆம்லெட் போடுவாள்.

மறுநாள் அந்த நேரம் வந்தது. மாமியார் மங்கவே இல்லை.

"ஏட்டி, சூரியன் இப்போ கோளுக்குப் பின்னாடியா நிக்கான்?"

"ஆமா அத்தை."

"அப்போ அதுக்குக் கிரகணம்லா! பாக்கக் கூடாது. அணைச்சிருதேன், விட்டதும் குளிச்சிட்டு வாரேன். நீயும் அடுப்பத் தொடாத!"

"சரிங்கத்தை."

சுவர் வெறுஞ்சுவரானது. ரோஸ்லின் பெருமூச்சு விட்டு முட்டையை உடைத்தாள்.

சந்தோஷத்தில் உப்புதான் கொஞ்சம் கூடிவிட்டது.